டீட் (வீட்டுப் பத்திரம்) காப்பின்னு 107 டாலர் கேட்டு லெட்டர் வந்தா பணம் கட்டாதீங்க

மக்களே, அமெரிக்காவுல புதுசா வீடு வாங்கினவங்க, வாங்கப்போறவங்க இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. நான் ஏமாந்தது ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை, அதுவும் ஒரே கம்பெனிகிட்ட. வெக்கமாதான் இருக்கு, இருந்தாலும் எழுதுறேன்.

நாங்க இருக்கறது நார்த் கரோலினா, ராலே பக்கத்துல கேரி. போன வருஷம் மார்ச்ல வீட்டை முடிச்சோம். குளோசிங் அட்டர்னி, அதாவது வீட்டு விற்பனையை முடிச்சுக் குடுக்கற வக்கீல், அவர் ஆபீஸ்ல கையெழுத்து போட்டுப் போட்டு விரல் வலிச்சதுதான் ஞாபகம் இருக்கு, என்ன பேப்பர்னு எவன் படிச்சான். எல்லாம் போட்டு முடிச்சும் சாவி கைக்கு வரல, டீட் கவுண்ட்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ரெக்கார்ட், அதாவது பதிவு, ஆகட்டும்னு உக்கார வச்சுட்டு மத்தியானத்துக்கு மேலதான் குடுத்தாங்க. ஏன்னு கூட கேக்கல நான், கிரகப்பிரவேசத்துக்கு பால் பொங்கற டைம் போயிடுமோன்னு அதுலயே இருந்தேன்.

அன்னைல இருந்து கோவில்பட்டில இருந்து அப்பா வாராவாரம் போன்ல ஒரே கேள்வி. "பத்திரம் கைக்கு வந்துச்சாப்பா?" இல்லப்பா, இங்க சிஸ்டம் வேறன்னா, "பத்திரம் இல்லாம என்னத்த வீடு வாங்கின?"ம்பார். அவரைச் சொல்லியும் குத்தமில்ல, மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா, தீர்வை ரசீதுன்னு எல்லாத்தையும் மஞ்சப்பைல சுத்தி பீரோ லாக்கர்ல வச்சிருக்கற ஆளு, நம்ம ஊர்ல ஒரிஜினல் தொலைஞ்சா போலீஸ் ஸ்டேஷன், பேப்பர் விளம்பரம்னு நாயா அலையணும். அந்த பயம் எனக்கும் உள்ளுக்குள்ள இருந்துச்சு.

சரியா அஞ்சு வாரம் கழிச்சு அந்த லெட்டர் வந்துச்சு. ஜன்னல் வச்ச கவர், மேல ஏதோ கழுகு மாதிரி ஒரு முத்திரை, உள்ள "ரெக்கார்டட் டீட் நோட்டீஸ்"னு கொட்டை எழுத்துல தலைப்பு. என் பேரு, வைஃப் பேரு இல்ல, என் பேரு மட்டும், கரெக்டா இருக்கு. வீட்டு அட்ரஸ், பார்சல் நம்பர் (நம்ம ஊர் சர்வே நம்பர் மாதிரி), வாங்கின தேதி, வாங்கின விலை டாலர் சுத்தமா. கீழ ஒரு கட்டம் போட்டு டாக்குமென்ட் ஃபீ 107 டாலர், இந்தத் தேதிக்குள்ள பதில் அனுப்பவும்னு ஒரு தேதி, கிழிச்சு அனுப்ப ஒரு துண்டுச் சீட்டு, பார்கோடு. கரண்ட் பில்லு கூட அவ்வளவு பக்காவா இருக்காதுங்க. "இது பில் இல்ல, நாங்க அரசாங்க ஆபீஸ் இல்ல"ன்னு ஒரு வரி இருக்கத்தான் செஞ்சுது, அப்படிப் போடணும்னு ஃபெடரல் சட்டமே இருக்கு, ஆனா அது பத்தி பத்தியா இருக்கற எழுத்துக்கு நடுவுல, காசு போனப்புறம்தான் கண்ணுல பட்டுச்சு.

நான் சுத்த கேனையன் இல்ல, செக் பண்ணித்தான் கட்டினேன், அங்கதான் காமெடியே. கவுண்ட்டி ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ் (நம்ம ஊர் பத்திரப் பதிவு ஆபீஸ் மாதிரி) சைட்டுக்குப் போய் லாஸ்ட் நேம் கட்டத்துல என் பேரைப் போட்டுத் தேடினேன். ஜீரோ ரெக்கார்ட்ஸ். ஸ்பெல்லிங் மாத்திப் பாத்தேன், தேதியை தள்ளிப் பாத்தேன், ஜீரோ. ராத்திரி பதினோரு மணிக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, நாலு லட்சம் டாலருக்கு மேல லோன் போட்டு வாங்கின வீடு பதிவே ஆகலையா, அட்டர்னி ஏமாத்திட்டானா, அப்பா சொன்னது சரிதானான்னு. அந்த பயத்துல லெட்டர்ல இருந்த நம்பர்ல கார்டு போட்டு 107 கட்டிட்டுதான் தூங்கினேன்.

ரெண்டு வாரத்துல வந்தது மூணு பக்கம் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ், ஒரு பிளாஸ்டிக் கவர்ல. முதல் பக்கம் மேல புக் நம்பர், பேஜ் நம்பர், ரெக்கார்ட் ஆன தேதி, நேரம் நிமிஷத்தோட அச்சாகி இருந்துச்சு. அதாவது எங்களை சாவிக்கு உக்கார வச்ச அதே மத்தியானம். அப்புறம் மெயிலைத் தேடினா அதே மூணு பக்கம் பிடிஎஃப்பா குளோசிங் அட்டர்னி ஏற்கனவே அனுப்பி வச்சிருக்கார், நான்தான் திறக்கவே இல்ல.

இதோட நிறுத்தியிருந்தா 107ஓட போயிருக்கும். அந்தக் கவர்லயே ஒரு நோட்டீஸ் இருந்துச்சு, டீட்ல மனைவி பேர் சேக்கணுமா, 249 டாலர், எல்லாம் நாங்க பாத்துக்கறோம்னு. வாங்கறப்ப வைஃப் ஊர்ல இருந்தா, அதனால என் பேர்ல மட்டும்தான் பண்ணினோம், சேக்கணும்னு பேச்சு ஓடிட்டு இருந்துச்சு. ஜெராக்ஸ்தான் ஒழுங்கா வந்துச்சேன்னு ஒரு நம்பிக்கைல அதையும் கட்டினேன். ஒரு குவிட்க்ளெய்ம் டீட், அதாவது எனக்கு இருக்கற உரிமையை அப்படியே எழுதிக் குடுக்கற பத்திரம், மெயில்ல வந்துச்சு. பாங்க்ல நோட்டரி முன்னாடி கையெழுத்து போட்டு, ஒரு நாள் லீவு போட்டு ராலே டவுன்டவுன் போய், ஜஸ்டிஸ் சென்டர்ல இருக்கற ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ் கவுண்ட்டர்ல நீட்டினேன்.

கவுண்ட்டர்ல இருந்தவங்க வயசான அம்மா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிட்டு முதல் பக்கத்தை விரலால மேல இருந்து கீழ தடவிட்டே வந்தாங்க. டிராஃப்ட் பண்ணினவர் பேர் முதல் பக்கத்துல இல்ல. வாங்கறவங்க விக்கிறவங்க மெயிலிங் அட்ரஸ் இல்ல. இது நீங்க குடியிருக்கற வீடா இல்லையான்னு ஒரு வாக்கியம் இருக்கணும், அதுவும் இல்ல. மேல மூணு இஞ்ச் காலி விடணும், விடல, அதுக்கே தனியா 25 டாலர் கூட ஆகும்னாங்க. லாட் (மனை) நம்பர், பிளாட் புக் (மனை வரைபடப் புத்தகம்) நம்பர் இருக்க வேண்டிய இடத்துல வெறும் தெரு அட்ரஸ். சரி, அப்ப என்ன எழுதணும்னு கேட்டா, "அதை நாங்க சொல்லக்கூடாது, ஒரு அட்டர்னியைப் பாருங்க"ன்னு ரொம்ப மரியாதையா திருப்பிக் குடுத்துட்டாங்க.

வந்ததுதான் வந்தோம்னு, என் டீட் உங்க சைட்ல காட்டவே இல்லையேன்னு கேட்டேன். லாஸ்ட் நேம் என்னன்னாங்க. சொன்னேன். ஐடி குடுங்கன்னு டிரைவர் லைசன்ஸை வாங்கிப் பாத்துட்டு ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினாங்க. அப்பா பேர்ல இருக்கு! நமக்குதான் இனிஷியல், பாஸ்போர்ட்ல அதை விரிச்சு சர்நேம்ல அப்பா பேர் போட்டிருக்கோம், இங்க இண்டெக்ஸ் முழுக்க சர்நேம் வச்சுதான், விக்கிறவர் கிராண்ட்டர், வாங்கறவர் கிராண்டீ, ரெண்டு பக்கமும் தேடலாம். இருபது செகண்ட் கூட ஆகல. பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்து இங்க எஃப்என்யூ (ஃபர்ஸ்ட் நேம் அன்னோன், முதல் பேர் தெரியலன்னு அர்த்தம்) ஆனவங்க உங்க பேரையே லாஸ்ட் நேம்ல போட்டுப் பாருங்க, இல்லன்னா உங்களுக்கு வித்தவர் பேரைப் போட்டுப் பாருங்க, கண்டிப்பா மாட்டும். படத்தை சைட்லயே சும்மா பாக்கலாம், பிரிண்ட் எடுத்துக்கலாம். முத்திரை போட்ட சர்ட்டிஃபைட் காப்பி வேணும்னா கூட இந்த ஸ்டேட்ல முதல் பக்கம் 5 டாலர், அடுத்தடுத்த பக்கம் 2 டாலர். என் மூணு பக்கத்துக்கு 9 டாலர். அன்னைக்கே ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டேன், அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல காட்டறதுக்கு.

அப்புறம் ஃப்ரெண்டு சொன்ன ஒரு உள்ளூர் அட்டர்னிகிட்ட போனேன். அந்தக் கம்பெனி பேப்பரைப் பாத்துட்டு சிரிச்சார். நார்த் கரோலினால அடுத்தவங்களுக்கு டீட் எழுதிக் குடுக்கறது வக்கீல் தொழில்னு சட்டத்துலயே இருக்காம், வக்கீல் இல்லாத கம்பெனி அதை எழுதி காசு வாங்கறதே தப்பாம். 200 டாலர் வாங்கிட்டு அவரே எழுதினார். ரெக்கார்டிங் ஃபீ 26 டாலர், முதல் 15 பக்கம் வரைக்கும் அதே 26தான். பணம் கைமாறாம மனைவிக்கு சும்மா குடுக்கறதால எக்சைஸ் டாக்ஸ் (வீடு கைமாறும்போது கட்டற வரி) இல்ல, விலைக்கு வித்தாதான் 500 டாலருக்கு 1 டாலர். ஆன்லைன்லயே ரெக்கார்ட் பண்ணி அன்னைக்கே புக் நம்பரோட மெயில் வந்துடுச்சு.

அன்னைக்கு சாவிக்கு ஏன் காக்க வச்சாங்கன்னும் அவர்கிட்டதான் கேட்டேன். 1885ல கான்னர் ஆக்ட்னு ஒண்ணு போட்டிருக்காங்க, இந்த ஸ்டேட்ல ஒரே இடத்தை ரெண்டு பேருக்கு வித்தா முதல்ல கையெழுத்து வாங்கினவனுக்கு இல்ல, முதல்ல பதிவு பண்ணினவனுக்குதான் இடம். அதனால புக்குல ஏறற வரைக்கும் காசையும் விடமாட்டாங்க, சாவியையும் விடமாட்டாங்க. பாங்க் கூட நம்ம ஊர் மாதிரி பத்திரத்தை வாங்கி லாக்கர்ல வைக்கறதில்ல, டீட் ஆஃப் ட்ரஸ்ட்னு கடனுக்கான அடமானப் பத்திரம் தனியா ஒண்ணை அதே புக்குல பதிஞ்சிட்டுப் போயிடறான். ஆக புக்குல இருக்கறதுதான் கணக்கு, என் கைல இருக்கற பேப்பர் தொலைஞ்சாலும் என் வீடு என் வீடுதான். இது ஒண்ணு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த லெட்டர் நேரா குப்பைக்குப் போயிருக்கும்.

மத்த ஸ்டேட்ல இருக்கறவங்களுக்கு ஃபீஸும் விதியும் மாறும், ஆபீஸ் பேரே மாறும், டெக்சாஸ்னா கவுண்ட்டி கிளார்க், கலிஃபோர்னியான்னா ரெக்கார்டர், கனெக்டிகட்ல கவுண்ட்டி ஆபீஸே இல்ல, டவுன் கிளார்க்குதான். ஆனா லெட்டர் மட்டும் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரிதான் வருது, டல்லாஸ்ல இருக்கற என் கஸினுக்கும் வந்திருக்கு, அவன் உஷார், கட்டல. இன்னொண்ணு, உங்க வீட்டை யாரோ திருடி எழுதிக்கிட்டா காப்பாத்தறோம்னு மாசாமாசம் காசு கேக்கறவங்களும் இருக்காங்க. நிறைய கவுண்ட்டில உங்க பேர்ல ஏதாவது பதிவானா மெயில் வர்ற மாதிரி இலவசமாவே அலர்ட் இருக்கு. அதுல பேரை ரெண்டு விதமாவும் குடுத்து வைங்க, முன்னாடி பின்னாடி மாத்தி.

என் காசு என்னாச்சுன்னா, 249 திரும்பி வந்துச்சு, ஸ்டேட் அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்ல கன்ஸ்யூமர் கம்ப்ளெயின்ட் போட்டு அந்தக் காப்பியை கம்பெனிக்கு அனுப்பினதும் பத்தே நாள்ல. 107 வரல. கார்டு கம்பெனில டிஸ்ப்யூட் போட்டேன், ஜெராக்ஸ்தான் கேட்டீங்க, ஜெராக்ஸ் வந்துடுச்சேன்னு மூடிட்டாங்க.

அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், ஏமாந்த தொகையை மட்டும் சொல்லல. இண்டெக்ஸ்ல உங்க பேர்லதான்ப்பா வீடு கிடைக்குதுன்னதும் அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு, அம்மாவைக் கூப்பிட்டு வேற சொன்னார். அந்த 9 டாலர் சர்ட்டிஃபைட் காப்பியை வீடியோ கால்ல காட்டினேன், முத்திரையை பக்கத்துல கொண்டு வரச் சொல்லி நல்லா உத்துப் பாத்தார். பாத்துட்டு, "சரிப்பா, இது காப்பி. ஒரிஜினல் எங்க?"