கறுப்புத் திரையில் ஆச்சியின் சொற்கள்: கிட்டோடு இரண்டரை வருஷம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் புரோகிராமர் இல்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மருந்து மொத்தக் கடையில் பில் போடுகிறவன். 2023 ஜூனில் டெர்மினலை, அதாவது கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் கறுப்புத் திரையை, திறந்ததற்குக் காரணம் களக்காட்டில் இருக்கும் எங்கள் ஆச்சி. அவள் பேச்சில் வரும் பழைய சொற்களை எழுதிவைத்துக்கொண்டிருந்தேன். வளவு, முடுக்கு, பட்டாசல், சொளவு, வெஞ்சனம், இப்படி. அது கடைக் கணினியில் ஒரு வேர்டு கோப்பு, வீட்டு லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என்று மூன்றாகக் கிடந்தது. ஒருநாள் பழைய கோப்பைப் புதியதன் மேல் காப்பி செய்து ஒரு மாத உழைப்பைத் தொலைத்தேன். கடைக்கு வரும் கல்லூரிப் பையன் ஒருவன், "அண்ணாச்சி, இதுக்குத்தான் கிட் இருக்கு" என்றான். கோப்பில் செய்த மாற்றங்களை வரிசையாக நினைவில் வைத்திருக்கும் மென்பொருள் அது.

4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுத் தந்ததும் அவன்தான். அதற்கப்புறம் என் பாடு.

முதல் மாதம் நான் படித்தது ஒன்றே ஒன்று: இப்ப எங்க நிக்கேன்? மௌஸ் வைத்துப் பழகியவனுக்கு ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியும். டெர்மினலில் டவுன் ரதவீதியிலிருந்து கரண்ட் இல்லாத முடுக்குக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். 'பிடபிள்யூடி' அடித்தால் நிற்கிற இடத்தைச் சொல்லும். 'எல்எஸ்' சுற்றி என்ன இருக்கிறது என்று காட்டும். 'சிடி' போட்டு இடைவெளி விட்டு இரண்டு புள்ளி வைத்தால் ஒரு படி வெளியே வரலாம். யூடியூப் பாடங்கள் இந்த மூன்றையும் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த நாற்பது கட்டளைக்கு ஓடுகின்றன. அது தப்பு என்பது என் எண்ணம். இந்த மூன்றும் கை தானாக அடிக்கிற அளவுக்கு வராமல் கிட் பக்கம் போனால், கிட் கவனிக்காத வேறு ஃபோல்டரில் நின்றுகொண்டு "இது கிட் ரெப்பாசிட்டரி இல்லை" என்று திட்டு வாங்கவேண்டியதுதான். நான் வாங்கினேன், ஒரு வாரம்.

அந்தப் பையன் சொல்லாமல் விட்டது டேப் சாவி. கோப்பின் பெயரில் இரண்டு எழுத்து அடித்து டேப்பை அமுக்கினால் மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும். பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தால், நாம் அடிப்பதைப் படித்து நடத்தும் ஷெல் அதை இரண்டு கோப்பு என்று நினைக்கும் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அன்றிலிருந்து பெயரில் இடைவெளி விடுவதில்லை.

இனி கிட். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் ஆட்கள் பயன்படுத்திவந்த, இதேமாதிரி மென்பொருளான பிட்கீப்பரின் இலவச உரிமம் போனதும், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கியது. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறவர்களுக்காகச் செய்ததால், முழு வரலாறும் அவரவர் கணினியிலேயே இருக்கும். எனக்கு இதுதான் பெரிய வசதி. ஆச்சி வீட்டில் நெட் சரியாக எடுக்காது. திண்ணையில் உட்கார்ந்து எழுதி, அங்கேயே கமிட் செய்துவிட்டு (அதாவது அப்போதைய நிலையை வரலாற்றில் பதிந்துவிட்டு), வண்ணார்பேட்டைக்கு வந்தபிறகு புஷ் செய்தால் (இணையத்தில் இருக்கும் பிரதிக்கு அனுப்பினால்) போதும்.

வேர்டை விட்டுவிட்டு வெறும் எழுத்துக் கோப்புக்கு மாறினேன். எழுத்துக்கு ஒரு கோப்பு, சொல்லுக்கு ஒரு வரி. 'கிட் டிஃப்' அடித்தால் எந்தச் சொல்லின் பொருளை மாற்றினேன் என்று சிவப்பிலும் பச்சையிலும் வரி வரியாகத் தெரியும். வேர்டு கோப்பை உள்ளே போட்டால் "மாறியிருக்கிறது" என்று மட்டும் சொல்லும், எங்கே என்று காட்டாது.

தமிழ் என்று வரும்போது கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 'த' என்று பெயரிட்ட கோப்பை 'கிட் ஸ்டேட்டஸ்' முதல்முறை எப்படிக் காட்டியது தெரியுமா? "\340\256\244". ஏதோ வைரஸ் என்று பயந்துவிட்டேன். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'த' மூன்று பைட். அந்த மூன்றையும் எட்டடிமான எண்ணாக எழுதிக் காட்டுகிறது, அவ்வளவுதான். கிட் கான்ஃபிக்கில் 'கோர்.கோட்பாத்' என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் ஒழுங்காக 'த' என்று வரும். ஆனால் டெர்மினலில் கொம்பு ஒருபுறமும் எழுத்து ஒருபுறமுமாக நிற்பதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. எழுதுவதை எடிட்டரில் வைத்துக்கொண்டேன். அகரவரிசையும் அப்படித்தான். யூனிகோடு எண்படி அடுக்கினால் 'மனம்' முன்னால் வரும், 'மரம்' பின்னால் போகும். அதை இன்றுவரை கையால் சரிசெய்கிறேன்.

கிட் கோப்புகளை இணையத்தில் வைத்துக்கொள்ளும் கிட்ஹப் தளத்தில் ஏற்றும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. நான் பார்த்த பாடம் பழையது. பாஸ்வேர்டு அடிக்கச் சொன்னது. 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குப் பாஸ்வேர்டை அவர்கள் ஏற்பதில்லை. அவர்கள் தளத்தில் உருவாக்கிக்கொள்ளும் டோக்கன் என்ற நீண்ட குறியீடு வேண்டும், அல்லது நம் கணினியில் வைத்திருக்கும் எஸ்எஸ்எச் சாவிக் கோப்பு. பாடம் தேடும்போது தேதியைப் பாருங்கள். கோப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் 'கிட் ரெஸ்டோர்' என்ற கட்டளையே 2019இல் வந்த 2.23 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய பாடங்கள் எல்லாவற்றுக்கும் 'செக்அவுட்' என்று சொல்லிக் குழப்பும்.

வள்ளியூரில் இருக்கும் மச்சினனும் சொல் சேர்க்க வந்தான். அவனிடம் விண்டோஸ். முதல் நாளே போன்.

"அத்தான், இதுக்குள்ள போயிட்டேன், வெளிய வர முடியல."

"எதுக்குள்ள மாப்ள?"

"விம்முன்னு என்னமோ போட்டிருக்கு. கண்ட்ரோல் சி அடிச்சாலும் போ மாட்டேங்கு."

"எஸ்கேப் அமுக்கும். பொறவு கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர்."

"ஆச்சரியக்குறி எதுக்கு?"

"எழுதுனது போனாலும் போகட்டும், ஆள விடுன்னு அர்த்தம்."

விம் என்பது டெர்மினலுக்குள் திறக்கும் ஓர் எடிட்டர். அதிலிருந்து வெளியே வருவது எப்படி என்ற இதே கேள்வியை, புரோகிராமர்கள் சந்தேகம் கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃபுளோ தளத்தில் 10 லட்சம் பேருக்கு மேல் பார்த்துவிட்டார்கள் என்று 2017இலேயே அவர்கள் எழுதினார்கள். மச்சினன் ஒன்றும் குறைந்தவனில்லை.

அவன் வந்தபிறகுதான் கான்ஃபிளிக்ட் என்றால் என்ன என்று தெரிந்தது. ஒரே நாளில் இருவரும் 'தார்சா' வரியைத் திருத்தியிருக்கிறோம். அவன் ஏற்றியதை என் கணினிக்கு இழுக்க 'புல்' கட்டளை போட்டதும் கோப்புக்குள் <<<<<<< என்று ஏழு குறி, கீழே என் வரி: "வீட்டு முன்புறத் தாழ்வாரம்." நடுவில் =======. அதற்குக் கீழே அவன் வரி: "திண்ணைக்கு அடுத்து உள்ளே வரும் கூடம்." கடைசியில் >>>>>>>. கோப்பு கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். அது எங்கள் இருவரையும் உட்கார்ந்து பேசச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். ஆச்சிக்குப் போன் போட்டோம். "அது வீட்டுக்கு வீடு மாறும்ல. இதுக்கா ரெண்டு பேரும் சண்ட போடுதிய?" என்றாள். இரண்டு பொருளையும் வைத்துக்கொண்டு, குறி வரிகள் மூன்றையும் அழித்து, 'ஆட்' போட்டு அதைக் கிட்டிடம் சொல்லி, கமிட் செய்தோம்.

ஆச்சி குரலைப் பதிவுசெய்த ஆடியோக்களையும் உள்ளே போட்டேன். அது புத்திகெட்ட வேலை. கிட்ஹப் 100 எம்பிக்கு மேலான கோப்பை வாங்காது. சின்னதாக இருந்தாலும், அழித்தபிறகும் வரலாற்றுக்குள் அப்படியே கிடந்து இடத்தை அடைக்கும். ஆடியோவெல்லாம் இப்போது தனியே ஹார்ட் டிஸ்கில்.

பெரிய அடி 2024 பொங்கல் விடுமுறையில் விழுந்தது. எடிட்டர் விட்டுப்போகிற, பெயர் ~ என்று முடியும் நகல்களை அழிக்க 'ஆர்எம்' போட்டேன். *~ என்று அடிக்க வேண்டியது, இடையில் ஒரு ஸ்பேஸ் விழுந்து * ~ ஆகிவிட்டது. நட்சத்திரம் என்றால் இருக்கிற எல்லாக் கோப்பும். தனியாக நின்ற ~ என் ஹோம் ஃபோல்டரைக் குறிக்கும். அதன் பெயரைச் சொல்லி, "இது ஒரு டைரக்டரி, அழிக்க முடியாது" என்று ஒரு பிழைச்செய்தி மட்டும் வந்தது. மற்றதெல்லாம் போயாச்சு. குப்பைத்தொட்டியில் போய்ப் பார்க்கலாம் என்பதெல்லாம் ஆர்எம்மில் கிடையாது. பெயரின் முன்னால் புள்ளி இருப்பதை நட்சத்திரம் தொடாது என்பதால் கிட் ஃபோல்டர் மட்டும் தப்பியது. 'கிட் ரெஸ்டோர்' போட்டு ஒரு புள்ளி வைத்தேன். அத்தனை கோப்பும் வந்து நின்றன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, அந்த மூன்று நாளாக ஆச்சி சொல்லிச் சொல்லி எழுதிய 41 சொற்களை நான் கமிட் செய்யவே இல்லை. கமிட்களின் நடமாட்டத்தைக் குறித்துவைக்கும் ரெஃப்லாகிலும் தேடினேன். கமிட் ஆகாதது அங்கேயும் இருக்காது.

இப்போது நாள்தோறும் கையில் வருவது எட்டு ஒன்பது கட்டளைதான். கிரெப் ரொம்பப் பிடித்துவிட்டது. எந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது என்று ஒரு நொடியில் சொல்லும். கமிட் வரலாற்றை மாற்றி அடுக்கும் ரீபேஸை நான் தொட்டதே இல்லை. வேலையைத் தனி வழியில் பிரித்துச் செய்யும் கிளையும் அபூர்வம். எழுத்துக் கோப்பில் வேலை செய்கிற யாருக்கும், பாட்டு சேர்ப்பவரோ கணக்கு எழுதுபவரோ, இதைச் சொல்வேன். போட்டோ, வேர்டு என்று புழங்குகிறவர்கள் மெனக்கெட வேண்டாம்.

அந்த 41இல் 29 சொல்லை ஆச்சி மறுபடி சொன்னாள். மீதி என்னவென்று அவளுக்கும் நினைவில்லை, எனக்கும் இல்லை. போன மாதம் களக்காட்டில், தெருவில் விளையாடிய பிள்ளைகளைப் பார்த்து "என்னத்துக்குல இப்படி அவயம் போடுதிய?" என்று சத்தம் போட்டாள். அவயம்! சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். பட்டியலில் 30ஆவது சொல் சேர்ந்தது, "அவயம்: திரும்பக் கிடைத்தது" என்ற கமிட் செய்தியோடு.