பிக்கப்பை ஃபோர் வீல் டிரைவாக மாற்றப் போகிறீர்களா? முதலில் பல்லை எண்ணுங்கள்

வேலை முடிந்தது என்று சொல்லி வண்டியை லிஃப்டில் தூக்கி, கியர் போட்டுக் காட்டினார்கள். நான்கு சக்கரமும் சுற்றின. பார்த்த எனக்கு வாயெல்லாம் பல். மீதிப் பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்துவிட்டேன். காற்றில் சக்கரம் சுற்றுவதற்கும் தரையில் நான்கும் சேர்ந்து இழுப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. பட்டறைக்காரருக்குத் தெரியும்.

என்னுடையது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண பிக்கப். மழைக்காலத்தில் நான் போகவேண்டிய வழி முழுக்கச் சேறு. இரண்டு முறை அச்சு வரை புதைந்து டிராக்டர் வைத்து இழுத்தபிறகுதான் இந்த யோசனை வந்தது. "உங்க மாடலிலேயே ஃபோர் வீல் வருது சார். அடிபட்ட வண்டி ஒன்று கிடைத்தால் கழற்றி இதில் மாட்டிவிடலாம். எல்லாம் போல்ட் வேலைதான், மூன்று வாரம்" என்றார்கள். மூன்று வாரம் ஐந்து மாதமானது. பேசிய தொகை ஒன்றரை மடங்கானது. அதைக்கூட விடுங்கள், பட்டறைக்கு வண்டி விட்டவர்கள் யாருக்கும் அது புதிதில்லை.

"போல்ட் வேலைதான்" என்பதுதான் முதல் பொய். முன்பக்கம் டிஃபரன்ஷியல் (இடது வலது சக்கரங்களை வேறுவேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் தொகுதி) வேண்டும், இரண்டு ஆக்ஸில் ஷாஃப்ட் வேண்டும், அவை நுழையும்படி சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளும் சக்கரம் மாட்டும் ஹப்பும் மாற வேண்டும். கியர்பாக்ஸின் பின்முனையே வேறு மாதிரி இருக்கும் என்பதால் பெரும்பாலும் கியர்பாக்ஸோடு சேர்த்துத்தான் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வரும். அது வந்து உட்கார்ந்தால் அங்கிருந்து பின் அச்சுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் நீளம் மாறும், அடியில் தாங்கும் கிராஸ் மெம்பர் மாறும். பல மாடல்களில் டூ வீல் வண்டிக்கு முன்னால் காயில் ஸ்பிரிங், ஃபோர் வீலுக்கு டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்போல வேலை செய்யும் கம்பி). அப்படியிருந்தால் சேஸிஸே வேறு. சில கம்பெனிகள் ஃபோர் வீல் வண்டியின் உயரத்திலேயே டூ வீல் பிக்கப்பும் விற்கின்றன. டொயோட்டா டகோமாவின் ப்ரீரன்னர் அந்த வகை. அப்படிப்பட்ட வண்டியில் வேலை ஓரளவு சுலபம். என்னுடையது அந்த ரகம் இல்லை.

சரி, ஏமாந்த கதைக்கு வருகிறேன்.

முதல் வாரம் சேற்றில் வண்டி அருமையாகப் போனது. ஊரெல்லாம் பெருமை பேசினேன். அப்புறம் ஒரு நாள் காய்ந்த சரளைப் பாதையில் ஃபோர் வீலில் நேராகப் போகும்போதே வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோலத் திணறியது. லீவரை டூ வீலுக்குத் தள்ளினால் அசையவே இல்லை. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்ததும் 'டக்'கென்று விடுபட்டது. பட்டறைக்குப் போன் செய்தேன். "காய்ந்த தரையில் ஃபோர் வீலைப் போட்டால் எல்லா வண்டியும் இப்படித்தான் சார். சேற்றில் மட்டும் போடுங்க."

இதில் பாதி உண்மை, அதுதான் என்னை வாயடைத்தது. தேவைப்படும்போது மட்டும் லீவரால் போடும் பார்ட் டைம் ஃபோர் வீலில் முன்னும் பின்னும் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாமல் நேரடியாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் சுற்றவேண்டியிருக்கும், பிடிமானமுள்ள தரையில் அந்த வித்தியாசம் போக இடமில்லாமல் ஷாஃப்டுகள் முறுகும். காய்ந்த தார் ரோட்டில் போடாதே என்று இப்படிப்பட்ட வண்டிகளின் கையேட்டில் பொதுவாக இருக்கும். ஆனால் நான் வளையவில்லையே, நேராகத்தானே போனேன்! அந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மேட்டில் குண்டு வெடித்த மாதிரி சத்தம். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் செயின் அறுந்துவிட்டது. இந்த முறை வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒரு சாக்பீஸ் கேட்டார்.

பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விடுபட்ட நிலை. டயரிலும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டிலும் ஆளுக்கொரு கோடு. டயரைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றச் சொல்லி, ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணினார். மூன்றே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. முன் ஹப்பை, சக்கரத்தோடு ஆக்ஸிலும் சுற்றும்படி லாக் செய்து அங்கேயும் அதேபோல் எண்ணினார். நான்கு சுற்று, அதற்கு மேலும் கொஞ்சம். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தம்பி, உங்க வண்டியில் முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி ஓடுது."

ஒரு சக்கரம் மட்டும் தூக்கியிருந்ததால் அதன் இரண்டு சுற்று, இரு சக்கரமும் சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றுவதற்குச் சமம். அதற்கு ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் டிஃபரன்ஷியலின் விகிதம்: பின்னால் 3.73, முன்னால் 4.10. கணக்குப் போட்டுப் பார்த்தேன். டயரின் சுற்றளவு 2.2 மீட்டர் என்று வைத்தால், ஒரு கிலோமீட்டருக்கு முன் ஷாஃப்ட் பின் ஷாஃப்டைவிட ஏறக்குறைய 170 சுற்று அதிகம் சுற்றியாக வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன. அப்படியானால் ஏதாவது ஒரு டயர் வழுக்க வேண்டும், இல்லையென்றால் ஏதாவது ஒன்று உடைய வேண்டும். சேற்றில் டயர் வழுக்கிக் கொடுத்தது, அதனால் முதல் வாரம் எனக்கு எதுவும் தெரியவில்லை.

ஒரே மாடல் பெயர் என்றாலும் எஞ்சின் வேறாகவோ கியர்பாக்ஸ் வேறாகவோ இருந்தால் இந்த விகிதம் மாறும். அவர்கள் கழற்றிய வண்டி என் வண்டியின் பெயரில் வந்த வேறு வகை. தெரியாமல் செய்தார்களா? தெரிந்தேதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் முன் டிஃபரன்ஷியலில் இருந்த விகிதத் தகட்டை மட்டும் யாரோ பெயர்த்து எடுத்திருந்தார்கள்.

அதே ஜாக்கியில் வேறு சிலவும் தெரிந்தன. பின் ஷாஃப்டை வெட்டி வெல்டிங் வைத்தவர்கள் பேலன்ஸ் பார்க்கவில்லை, வேகம் கூடினால் இருக்கை அதிர்ந்ததற்குக் காரணம் அதுதான். முன் பிரேக் ஹோஸ் நீளம் போதாமல் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் விறைத்து நின்றது. இதைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கோ பதிவுச் சான்றிதழிலோ இந்த மாற்றத்தைத் தெரிவிக்கவேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. விபத்து நடந்திருந்தால் இழப்பீடு கேட்கும்போது அதுவே சிக்கலாகியிருக்கும்.

பழைய பட்டறையில் போய் நின்றேன். பில்லை எடுக்கச் சொன்னார்கள். "ஃபோர் வீல் மாற்றும் வேலை" என்ற ஒரே வரி. எந்த வண்டியின் பாகம், என்ன விகிதம், எதற்கு எத்தனை நாள் பொறுப்பு, ஒன்றும் இல்லை. என் பழைய கியர்பாக்ஸ் எங்கே என்றேன். "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்." நீங்கள் இந்த வேலைக்குப் போனால் பாகம் எடுக்கும் வண்டியை நீங்களே போய்ப் பாருங்கள், முன் பின் விகிதத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள், கழற்றிய பாகங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். உண்மையைச் சொன்னால், இருந்த வண்டியை விற்றுவிட்டுக் கம்பெனியிலேயே ஃபோர் வீலாக வந்த பழைய வண்டியை வாங்கியிருந்தால் எனக்கு இதைவிடக் குறைவாக முடிந்திருக்கும்.

பெரியவர் முன் டிஃபரன்ஷியலைப் பிரித்து 3.73 விகிதத்துக்கு மாற்றினார். கழற்றிய கிரவுனையும் (பெரிய பல்சக்கரம்) பினியனையும் (அதைச் சுற்றும் சின்னது) எண்ணச் சொல்லி என் கையில் கொடுத்தார். கிரவுனில் 41 பல், பினியனில் 10; வகுத்தால் அதே 4.10. புதிதாகப் போட்டதில் கிரவுன் அதே 41, பினியன் 11. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் காசு கொடுத்து வாங்கிய மாட்டையும் பார்க்கவில்லை. அந்தப் பத்துப் பல் பினியன் இப்போது என் மேஜையில் காகிதம் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.