மக்களவையா, மாநிலங்களவையா: மூணாற்றிலிருந்து ஒரு பார்வை

மூணாறு தோட்டத் தொழிலாளி இடுக்கி தொகுதியில் போடும் ஓட்டு நேரே மக்களவைக்குப் போகிறது. மாநிலங்களவைக்கு வாக்களிப்பவர் அவர் தேர்ந்தெடுத்த தேவிகுளம் எம்.எல்.ஏ. கேரளத்துக்கு முன்னதில் 20 இடம், பின்னதில் 9.

கஜானாச் சாவி மக்களவையிடம்தான். பண மசோதாவை மாநிலங்களவை 14 நாளுக்குள் திருப்பியாக வேண்டும். அதன் யோசனையை மக்களவை தள்ளிவிடலாம். அரசைக் கவிழ்க்கும் அதிகாரமும் மக்களவைக்கே.

ஆனால் அரசியல் சட்டத்தைத் திருத்த இரு அவைகளும் தனித்தனியே ஒப்ப வேண்டும். கூட்டுக் கூட்டம் போட்டு எண்ணிக்கையால் அமுக்க முடியாது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்லும் 350ஏ பிரிவு அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் தமிழில் எழுதப் படிப்பதை நினைத்தால், கலைக்கவே முடியாத மாநிலங்களவையை நான் ஒருபோதும் குறைத்து மதிக்கமாட்டேன்.