கழுவாத நாட்களில் கார் தூசி: மெழுகு டஸ்டர், நீண்ட நாள் பயன்பாட்டில்

கழுவி இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. பானெட்டின் மேல் சாம்பல் பூசினாற்போல ஒரு படலம் வந்துவிடும். மரங்கள் பூக்கும் பருவமென்றால் அதோடு மஞ்சள் நிற மகரந்தத் தூளும் சேரும். இதற்காக மறுபடி வாளி, ஷாம்பூ என்று இறங்க முடியாது. அப்படியே விடவும் மனம் வராது. மெழுகு ஏற்றிய பருத்தி நூல் டஸ்டர் இந்த இடைவெளிக்கான கருவி. இது பெயின்ட்டைக் கீறும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், வருடக்கணக்கில் தட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லை என்று சிலர். இரண்டுமே உண்மை. டஸ்டரைக் கையில் எடுத்த நேரத்தில் தூசி உலர்ந்து உதிரியாக இருந்ததா, ஒட்டிப்போயிருந்ததா என்பதுதான் இரண்டு தரப்புக்கும் உள்ள வேறுபாடு.

சாலைத் தூசியில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கும். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7, கண்ணாடியையே கீறக்கூடியது. காரின் மேல்பூச்சான கிளியர் கோட் அதைவிட மிகவும் மென்மையானது, தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). காய்ந்த துணியால் துடைத்தால் விரல்களின் அழுத்தம் நேராக அந்தத் துகள்மேல் இறங்கி அதை இழுத்துக்கொண்டு போகும். டஸ்டரில் நூல் நுனிகள் மட்டுமே பெயின்ட்டைத் தொடுகின்றன. மெழுகு நுண்தூசியைப் பிடித்து நூலுக்குள் வைத்துக்கொள்கிறது. இந்த ஏற்பாடு நுண்தூசிக்கு மட்டும்தான். பெருமணலை எந்த மெழுகும் பிடித்து வைக்காது.

மகரந்தத்தின் குணம் வேறு. துகள்கள் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான் வரை. பைன், புல் வகைகள்போலக் காற்றில் பரவும் மகரந்தம் உலர்ந்தது, ஊதினாலே போய்விடும். பூச்சிகள் சுமந்து செல்லும் மகரந்தத்தின் மேல் எண்ணெய்ப் பசை போன்ற பூச்சு இருக்கும், அது ஒட்டும். எந்த வகையானாலும் ஈரம் பட்டதும் கதை மாறிவிடுகிறது. துகள் ஊறி, உள்ளிருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருள் வெளியே கசிந்து, காயும்போது பெயின்ட்டோடு இறுகுகிறது. காலையில் பனித்துளி காய்ந்த இடத்தை அருகில் போய்ப் பாருங்கள்: துளியின் ஓரத்தில் மஞ்சள் கோடு வட்டமாக நிற்கும், நடுவில் வெறுமையாக இருக்கும். அந்த வட்டம் தெரிந்தால் அன்றைக்கு டஸ்டரைத் தொட வேண்டாம்.

சோதனை எளிது. பானெட்டில் ஒரு சாண் தூரத்திலிருந்து வாயால் ஊதுங்கள். தூசி நகர்ந்தால் தட்டலாம். நகராமல் நின்றால், பின்னால் சொல்லும் திரவத்தால் ஈரமாகத் துடைக்கும் வழிதான். விரலால் கோடு போட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். அந்தக் கோடு பல நேரம் கழுவிய பிறகும் நிற்கும். காற்று ஊதும் ப்ளோவர் கையில் இருந்தால் முதலில் அதை ஓட்டிவிடுவது மிக நல்லது. பெயின்ட்டைத் தொடாமலே பாதி வேலை முடிந்துவிடும், கண்ணாடி ஓரங்களிலும் வைப்பர் அடியிலும் உள்ள மகரந்தம் வெளியே வந்துவிடும்.

புது டஸ்டரை உறையிலிருந்து எடுத்ததும் காரில் போட்டுவிடுகிறார்கள், கெட்ட பெயர் வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான். புதிதில் மெழுகு அதிகமாக இருக்கும். தலைப்பகுதியைச் செய்தித்தாள் மேல் ஒன்றிரண்டு நாள் வைத்து, தாளில் எண்ணெய்த் திட்டு படியும்போதெல்லாம் தாளை மாற்ற வேண்டும். பிறகு வெளியே நன்றாக உதற வேண்டும். பஞ்சுப் பிசிறு கொஞ்சம் கொட்டும், சில தடவையில் நின்றுவிடும். இதைச் செய்யாவிட்டால் கறுப்பு பெயின்ட்டில் நத்தை போன தடம்போல மெழுகுக் கோடு விழும்.

தட்டும் முறை: கார் நிழலில், பெயின்ட் கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ரூஃபில் தொடங்கி, பானெட், டிக்கி, கடைசியாகக் கதவுகளின் மேல்பாதி. கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, டஸ்டரின் சொந்த எடையைத் தவிர வேறு எதையும் அதன்மேல் ஏற்றாமல், ஒரே திசையில் நீளமாக இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்ப்பது, வட்டம் போடுவது இரண்டும் கூடாது. நேராக இழுத்தால் கீறல் விழாது என்று அர்த்தமில்லை. தவறி விழுந்தாலும் ஒரே திசையில் இருப்பதால் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் காரிலிருந்து விலகிப் போய் உதற வேண்டும். சாய்ந்த வெயிலில் உதறினால் தூசி புகைபோல எழுவது தெரியும். புகை நிற்கும்வரை உதறுங்கள். இந்தப் படியைத் தவிர்ப்பவர்களின் கார்தான் முதலில் சிலந்திவலைக் கீறல் காட்டும். இழுக்கும்போது நறநறவென்று சிறு சத்தமோ கையில் ஒரு தடங்கலோ தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

கதவின் கீழ்ப்பாதி, பம்பரின் அடி, சக்கர வளைவைச் சுற்றிய பகுதி: இங்கெல்லாம் டயர் அள்ளி வீசிய மணலும் தாரும் இருக்கும். டஸ்டர் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஒருமுறை போன டஸ்டர் அடுத்த நாள் பானெட்டுக்கு மணலை எடுத்து வரும். கண்ணாடியிலும் வேண்டாம், மெழுகுப் படலம் இரவில் எதிர் வெளிச்சத்தில் மங்கலாக விரியும், வைப்பர் தத்தித் தத்திப் போகும். பளபளப்பில்லாத மேட் பெயின்ட்டில் மெழுகு திட்டுத்திட்டாகப் பளபளக்கும், திருப்பிக் கொண்டுவருவது சிரமம். பறவை எச்சம், பூச்சிக் கறைக்கு இது கருவியே அல்ல.

நாள்பட்ட பயன்பாட்டில் நூல் கறுத்துப்போகும். அதைப் பார்த்துப் பயந்து துவைத்துவிட வேண்டாம். கறுத்த டஸ்டர் பெரும்பாலும் புதியதைவிடச் சுத்தமாகத் தட்டும், ஏனென்றால் அதிகப்படி மெழுகு போய்விட்டது. நூல் நுனிகள் சேர்ந்து விறைத்து, உதறியும் பிரியாமல் கயிறுபோல நின்றால் அதன் காலம் முடிந்தது. அதற்கு முன் தவிர்க்க முடியாமல் துவைத்தால் குளிர்ந்த நீரும் மிகக் குறைந்த மென்சோப்பும் போதும், நிழலில் முழுக்கக் காய வேண்டும். கொஞ்சம் மெழுகு இழப்பது உறுதி. வைக்கும்போது உறைக்குள் வையுங்கள். வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் திறந்து போட்டால் மெழுகு இளகி கார்ப்பெட்டில் கறை ஏறும். தரையில் விழுந்த டஸ்டரை உதறிவிட்டுத் தொடரலாம் என்று நினைப்பது தவறு. நூலுக்குள் புகுந்த மணல் ஒன்று போதும்.

ஊதியும் நகராத தூசிக்கு ரின்ஸ்லெஸ் திரவம்தான், அதாவது துடைத்தபின் தண்ணீர் ஊற்றி அலசத் தேவையில்லாத கழுவுதிரவம்தான், நம்பகமானது. ஆப்டிமம் நோ ரின்ஸ் வகையில் கழுவுவதற்கான கலவை 1:256, அதாவது 4 லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 15 மில்லி. ஸ்ப்ரேயாகத் துடைப்பதற்கு 1:16, அரை லிட்டர் பாட்டிலுக்கு 30 மில்லி. வேறு திரவமென்றால் அதன் லேபிளில் உள்ள அளவையே பின்பற்ற வேண்டும். கூட ஊற்றினால் கோடுதான் மிஞ்சும். கதவளவு இடத்தைத் தாராளமாக நனைத்து, அரை நிமிடம் ஊறவிட்டு, 300 முதல் 400 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து ஒரே இழுப்பு. அப்படி மடித்த துணியில் பயன்படுத்த 8 முகங்கள் கிடைக்கும். ஒரு முகம் அழுக்கேறியதும் திருப்புங்கள். இரண்டாவது துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். முழுக் காருக்கு நான்கைந்து துணி ஆகும். துணியை மிச்சம் பிடிக்கும் இடத்தில்தான் கீறல் தொடங்குகிறது. ஸ்ப்ரேயை மிச்சம் பிடிப்பதும் அதே தவறுதான். லேசாகத் தூவித் துடைத்தால் தூசி மிதக்காது, சேறாகி பெயின்ட் மேல் தேயும்.

மகரந்தம் ஏற்கெனவே மஞ்சள் வடுவாகப் பதிந்திருந்தால் தேய்த்து எடுக்க முயல வேண்டாம். முதலில் முழுதாகக் கழுவுங்கள். அதன்பின் வெயிலில் நிற்கும்போது வெப்பத்தில் பெக்டின் சிதைந்து வடு தானாக மங்குவதுண்டு. மங்காவிட்டால் மட்டுமே பாலிஷ் பற்றி யோசிக்கலாம், பாலிஷ் ஒவ்வொரு முறையும் அந்த 40 மைக்ரானில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டுதான் போகும்.

துணிகளைத் தனியாகத் துவைத்து, துணி மென்மையாக்கி சேர்க்காமல், சூடு குறைவாக உலர்த்துங்கள். மென்மையாக்கி இழைகளின்மேல் படிந்தால் துணி தண்ணீரை உறிஞ்சாமல் வழித்துத் தள்ளும். ஓரம் முரடாகிப்போன துணி வீல் துடைக்கப் போகட்டும். அதை அடையாளம் தெரிய வேறு நிறத்தில் வைத்துக்கொண்டால், அவசரத்தில் பானெட்டுக்கு வராது.