பெயரை நீக்கினால் போதுமா, எண்ணையே கலைக்க வேண்டுமா?

நோயாளிகளின் தரவை ஆய்வுக்குத் தர வேண்டும், ஆனால் யாருடைய நோயும் வெளியே தெரியக் கூடாது. இதற்கு ஆய்வாளர்கள் சொன்ன வழிகளில் இரண்டை இங்கே ஒப்பிடுகிறேன்.

பெயரை மட்டும் நீக்குவது பயன்படாது என்பது 1990களிலேயே தெரிந்துவிட்டது. மாசசூசெட்ஸ் மாநில ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள் பெயரில்லாமல் கொடுக்கப்பட்டன. அப்போது எம்ஐடி மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி ஒப்பிட்டார். ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதியில் ஆறு பேர், அவர்களில் ஆண்கள் மூவர், அவருடைய அஞ்சல் குறியீட்டில் அவர் ஒருவர்தான். பதிவு சிக்கிவிட்டது.

இதற்குத் தீர்வாக வந்தது கே-அனானிமிட்டி. பிறந்த தேதியை ஆண்டாகவும் அஞ்சல் குறியீட்டை முதல் சில இலக்கங்களாகவும் மழுக்கி, ஒவ்வொருவரையும் ஒரு சிறு கூட்டத்தில் கலந்துவிடுவது. செய்வது எளிது. ஆனால் அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே நோய் என்றால்? ஆளைத் தனியே பிரிக்காமலே நோய் தெரிந்துவிடும். அப்புறம், தேடுபவரிடம் வேறு என்னென்ன தகவல் இருக்கும் என்று நாமே முன்கூட்டி ஊகிக்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் பெயரின்றி வெளியிட்ட பட மதிப்பீடுகளை டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் ஐஎம்டிபி என்ற திரைப்பட இணையதளத்தில் உள்ள மதிப்பீடுகளோடு பொருத்திச் சிலரை அடையாளம் கண்டார்கள். பட ரசனை ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது அதை வெளியிட்டவர்களின் கணக்கிலேயே இல்லை.

டிஃபரன்ஷியல் பிரைவசி இந்த ஊகத்தையே தேவையற்றதாக்குகிறது. சிந்தியா டுவோர்க்கும் மூன்று சக ஆய்வாளர்களும் 2006-ல் முன்வைத்தது. தரவிலிருந்து கணக்கிடும் விடையில், எண்ணைத் தற்செயலாகச் சற்று மாற்றும் பிசிறை அளந்து சேர்ப்பார்கள். நீங்கள் தரவில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை ஏறக்குறைய ஒன்றுதான். தேடுபவருக்கு என்ன தெரிந்திருந்தாலும் அந்த உறுதி நிற்கும். அதனால்தான் நான் இதன் பக்கம்.

விலை உண்டு. 2020 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதைப் பயன்படுத்தியபோது சின்னஞ்சிறு பகுதிகளின் எண்கள் பிசகின. ஆய்வாளர்கள் பலர் எதிர்த்தார்கள். பிசிறின் அளவைத் தீர்மானிக்கும் எப்சிலான் என்ற எண் பெரிதானால் பிசிறு குறையும், பாதுகாப்பு பெயரளவுக்குத்தான். ஆப்பிள் கணினிகளின் இயங்குதளமான மேக்ஓஎஸ்-ஸில் அது நாளுக்கு 16 வரை போகிறது என்று தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017-ல் கணக்கிட்டார்கள். ஆப்பிள் அதை ஏற்கவில்லை.

ஆளுக்கொரு வரியாகப் பார்த்தே ஆக வேண்டிய மருத்துவ ஆய்வா? சரி, கே-அனானிமிட்டி செய்து, ஒப்பந்தம் போட்டு, குறிப்பிட்ட ஆய்வாளர்களுக்கு மட்டும் கொடுக்கலாம். பொதுவில் வைக்கும் புள்ளிவிவரம் என்றால் டிஃபரன்ஷியல் பிரைவசிதான், எப்சிலான் எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே அச்சிட்டு.