ஸ்மார்ட்கேன் குச்சியா, சூட்கேஸ் ரோபோவா?

பார்வையில்லாத சித்தப்பாவுக்கு எது சரி என்று திருவையாற்று வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சு. ஒன்று தில்லி ஐஐடியில் உருவான ஸ்மார்ட்கேன், இன்னொன்று தானும் பார்வையற்றவரான சியேகோ அசகாவா அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குழுவோடு உருவாக்கிய, சூட்கேஸ் வடிவ ரோபோவான கேபாட்.

வேலை: குச்சி காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி, முழங்காலுக்கு மேல் உயரத்தில், 3 மீட்டர் தொலைவு வரை இருக்கும் தடையைக் கைப்பிடி அதிர்வால் சொல்லிவிடும். சரிந்து தொங்கும் வாழைத்தார், தெருவில் நிற்கும் லாரியின் பின்பலகை எல்லாம் சாதாரண வெள்ளைக்குச்சிக்குச் சிக்காது, முகத்தில்தான் இடிக்கும்.
ரோபோ, லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார், கேமரா இரண்டாலும் வழி பார்த்து ஆளையே கூட்டிப்போகும்.

தரை: ரோபோவுக்குச் சக்கரம், வழவழப்பான தளம் வேண்டும். வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் திணறிப்போகும்.
குச்சியால் தட்டித் தட்டிப் போகலாம்.

விலை: குச்சி சில ஆயிரம். ரோபோவோ ஊர்க்கடையில் கிடைக்கிற பொருளே இல்லை.

விமான நிலையம், பெரிய வணிக வளாகம் என்றால் ரோபோ. ஆற்றங்கரைத் தெருவுக்குக் குச்சிதான், சித்தப்பாவுக்கும் அதையே வாங்குகிறோம்.