சாஞ்சினா, நைஹாஞ்சியா? ஒக்கினாவா கராத்தேயில் எதிலிருந்து தொடங்குவது?

ஜப்பானின் ஒக்கினாவா தீவுக் கராத்தேயில் புதிதாகச் சேருபவருக்கு உதையையும் குத்தையும்விட நிற்பதுதான் முதல் பாடம். எப்படி நிற்பது என்பதில் ‘ரியூ’ எனப்படும் பள்ளிகள் பிரிகின்றன. கோஜு-ரியூவுக்கும் உயேச்சி-ரியூவுக்கும் அடித்தளம் சாஞ்சின் என்ற கட்டா (வரிசையாகச் செய்யும் அசைவுகளின் கோவை), ஷோரின்-ரியூவுக்கு நைஹாஞ்சி.

சாஞ்சினில் கால்கள் தோளகலத்தில் நிற்கும். முன்கால் விரல்கள் உள்ளே திரும்பும், தொடைகள் இறுகும், தோள்கள் தாழும். ஓர் அடி, ஒரு குத்து, ஒரு மூச்சு. பார்க்க இவ்வளவுதான். கோஜு-ரியூவில் கை முஷ்டியாக மூடியிருக்கும், மூச்சு ஒலியோடு வெளிவரும். உயேச்சி-ரியூவில் கை விரிந்திருக்கும், விரல்நுனிகளே ஆயுதம். இரண்டுக்கும் வேர் சீனாவின் ஃபூஜோவில். கோஜு-ரியூவின் முன்னோடி ஹிகாவோன்னா கான்ரியோவும் உயேச்சி-ரியூவை நிறுவிய உயேச்சி கான்பூனும் அங்கே பயின்றவர்கள்.

சாஞ்சினின் சிக்கல், அதில் நேரும் பிழை உடலுக்குள்ளே ஒளிந்துகொள்வது. புதியவர் தொண்டையை இறுக்கி மூச்சை அடக்குவார். கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அப்படி அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஏற்கெனவே ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. ஆசிரியர் தோளையும் தொடையையும் தட்டிப் பார்த்துத்தான் எங்கே இறுக்கம் தப்பாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியும். கோஜு-ரியூவை நிறுவிய மியாகி சோஜுன் 1940 வாக்கில் கெகிசாய் என்ற எளிய கட்டாக்களை உருவாக்கினார். தொடக்கக்காரருக்கு வேறொரு வாசலும் தேவை என்று அவரே உணர்ந்திருந்தார் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நைஹாஞ்சியில் முன்னே போவதே இல்லை. கால்களை அகட்டி, ஒரே கோட்டில் பக்கவாட்டில் மட்டும் நகர வேண்டும். மூச்சு இயல்பாக இருக்கும். கால்கள் ஊன்றி நிற்பதால், கைக்கு வேண்டிய விசையை இடுப்பின் சிறு அசைவிலிருந்து எடுத்தாக வேண்டும். இதுதான் அதன் அருமை. கோடு விலகினாலும், முதுகு வளைந்தாலும், முழங்கால் சரிந்தாலும் உடனே தெரிந்துவிடும். வீட்டில் தனியாகவே திருத்திக்கொள்ளலாம். பள்ளிக்கூடங்களுக்குக் கராத்தேயைக் கொண்டுசென்ற இதோசு ஆங்கோ வடித்த ஐந்து பினான் கட்டாக்கள் அடுத்த படி; நாலா பக்கமும் திரும்பி அடி வைப்பதை அவை பழக்கும்.

 

நாள் முழுக்க நாற்காலியில் அமர்ந்து வேலை செய்து, முப்பது வயதுக்கு மேல் தொடங்குபவருக்கு நான் நைஹாஞ்சியையே சொல்வேன். ஆழம் என்று பார்த்தால் சாஞ்சினுக்கு ஈடில்லை. ஆனால் அதற்கு ஆசிரியரின் கை அருகிலேயே இருக்க வேண்டும். சேரும் முன் ஒரு வகுப்பைப் பாருங்கள். சாஞ்சின் நடக்கும்போது ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் வந்து தொட்டுச் சரிபார்க்கிறாரா? அப்படியென்றால் தயங்காமல் சேரலாம். நாற்பது பேருக்கு முன்னால் நின்று எண்களை மட்டும் கூவுகிறார் என்றால், பக்கத்தில் ஷோரின்-ரியூ டோஜோ (பயிற்சிக்கூடம்) இருக்கிறதா என்று விசாரியுங்கள்.